அரண் வாங்கித் தரும் காலம்



செஞ்சியில் ஒருவன் கோட்டையைப் பற்றிப் பேசுகிறான் என்றால் தேசிங்குராஜன் கதை வரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். இன்றைக்கு அந்தக் கதை ஒரே ஒரு காரணத்துக்காக வருகிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தபோது, தென்னாட்டின் மிகக் கடினமான கோட்டை தேசிங்கின் கையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் சிறு குதிரைப்படையோடு வெளியே வந்து திடலில் போரிட்டு மடிந்தார். பாட்டு அதனால்தான் பிறந்தது. கோட்டைக்குள் பொறுமையாக உட்கார்ந்திருந்தவனைப் பற்றி நம் ஊரில் யாரும் பாட்டுக் கட்டுவதில்லை.

நான் பேசப்போவது அப்படி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி. ஒன்று, இங்கே 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை. இன்னொன்று, 1916-17-இல் ஜெர்மானியர்கள் வடக்கு பிரான்சில் மண்ணைத் தோண்டியும் கான்கிரீட் ஊற்றியும் அமைத்த ஹிண்டன்பர்க் அரண்வரிசை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு ஒன்று தெரிகிறது. எந்த அரணும் யாரையும் கடைசிவரை காப்பதில்லை. அது காலம் வாங்கித் தருகிறது. வாங்கிய காலத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் ஒரு கோட்டையின் வரலாறு இருக்கிறது.

திருக்குறளில் 'அரண்' 75-ஆம் அதிகாரம். மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கடைசிக் குறளைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு நான்காவதுதான் முக்கியமாகப் படுகிறது. காக்கவேண்டிய இடம் சிறிதாகவும், உள்ளே இருக்கும் பரப்பு பெரிதாகவும் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. இது கவிஞன் கணக்கு அல்ல, படைத்தலைவன் கணக்கு. எத்தனை ஆளை மதிலில் நிறுத்தினால் எவ்வளவு நிலம் நம்முடையதாக இருக்கும் என்ற கூட்டல் கழித்தல்.

செஞ்சியில் இந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்று மலையையும் மதிலால் இணைத்தால் ஒரு முக்கோணம். மதில் சில இடங்களில் 60 அடி தடிமன், அதற்கு வெளியே 80 அடி அகலத்தில் அகழி. மலைகளின் பாறைச் சரிவே பாதி மதிலின் வேலையைச் செய்துவிடுகிறது. உள்ளே குளங்கள், களஞ்சியம், குதிரை லாயம், கோயில், வயல். முக்கோணம் போனாலும் மூன்று மலையும் தனித்தனிக் கோட்டை. ராஜகிரியில் வாயில் வாயிலாகக் கடந்து ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து நிற்கும். அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே சில பேர் போதும். இப்போது அந்த இடத்தில் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள்; நானும் எடுத்திருக்கிறேன்.

1677-இல் சிவாஜி கைக்கு வந்த பிறகு இதன் மதில்களும் அகழிகளும் திருத்திக் கட்டப்பட்டன. அன்றைய ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களில் அந்த வேலையைப் பற்றிய வியப்பு இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு உரியது இது ஒன்றுதான். பெயர்ப்பலகை வந்துவிட்டது, பயணிகளும் வருகிறார்கள். ஆனால் இந்தக் கோட்டை உண்மையில் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்ல அந்த எட்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும்.

சம்பாஜியை 1689-இல் ஔரங்கசீப் கொன்றார். மராட்டியத் தலைநகர் ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி, அந்த ஆண்டு நவம்பரில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். ஓர் அரசு முழுவதும் நம் மலைக்குள் குடியேறியது என்று சொன்னால் மிகையில்லை. 1690-இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் வந்து முற்றுகையிட்டார். பிறகு அவருடைய தந்தை அசத் கானும், பேரரசரின் மகன் காம்பக்ஷும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் மூன்று மலையையும் ஒட்டிய காட்டையும் பாறையையும் முழுக்கச் சுற்றி வளைக்கப் போதிய ஆள் அவர்களிடம் ஒருபோதும் இல்லை. வள்ளுவர் கணக்கு வெளியே நிற்பவனுக்குத் தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவன் காக்கவேண்டியது சிறிது. வெளியே இருப்பவன் வளைக்கவேண்டியது பெரிது.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி சிறைப்பட்டார். தானியம் வரும் வழி அறுந்தது. முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்குள் ஆனார்கள். கூடாரத்துக்குள்ளேயே சண்டை: காம்பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேசுகிறார் என்று சுல்ஃபிகார் கான் இளவரசரையே காவலில் வைத்தார். 1693 தொடக்கத்தில் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். மறுபடி வந்து, மறுபடி சூழ்ந்து, 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. அதற்கு முன்பே வேலூர் வழியாக மகாராஷ்டிரத்துக்குப் போய்விட்டார். சுல்ஃபிகார் கான் நினைத்திருந்தால் எப்போதோ பிடித்திருப்பார், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று முகலாயப் படையிலேயே இருந்த பீம்சேன் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அது உண்மையாகவே இருந்தாலும் என் கணக்கு மாறாது. எதிரியின் தளபதிக்கே இழுத்தடிக்கத் தோன்றும் அளவுக்குக் கடினமாக இருப்பதும் கோட்டையின் வேலைதான்.

கோட்டை தோற்றது என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முகலாயப் படையின் ஒரு பெரும்பகுதியையும் பணத்தையும் இந்த மலையடி எட்டு ஆண்டுகள் விழுங்கியது. அந்த எட்டு ஆண்டுகளில் மராட்டிய அரசு சாகாமல் இருந்தது.

இனி கல்லை விட்டு மண்ணுக்கு வருவோம். பீரங்கி வந்தபின் கல்மதிலுக்கு ஒரு சங்கடம் வந்தது. கல் குண்டை எதிர்க்கும், ஒரு கட்டத்தில் பிளந்து சரியும். மண் எதிர்க்காது, குண்டை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். நம் பாளையக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை, சுற்றிலும் முள்வேலி. 1801 மார்ச் 31 அன்று கும்பினிப் படை அதன்மேல் ஏறப்போய்ப் பெரும் இழப்போடு திரும்பியது. இன்னும் துருப்புகளும் கனத்த பீரங்கிகளும் வந்து சேர்ந்து, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய வணிகப் படையை நிறுத்திவைத்தது வெறும் மண்.

ஐரோப்பா இந்தப் பாடத்தை 1914-இல் ரத்தம் சிந்திக் கற்றது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றியிருந்த கான்கிரீட் கோட்டைகளை 42 சென்டிமீட்டர் ஜெர்மன் பீரங்கிகள் சில நாட்களில் உடைத்தன. வெர்தனின் பெருங்கோட்டை தூமோன், 1916 பிப்ரவரி 25 அன்று, உள்ளே போதிய காவல் இல்லாததால், ஒரு சிறு கூட்டம் ஜெர்மானிய வீரர்கள் நுழைந்ததும் விழுந்தது. அதே வேளையில் அவசரத்தில் தோண்டிய பதுங்குகுழிகள் வருடக்கணக்கில் அசையவில்லை. நம் மன்னர்கள் உயரத்தில் தேடியதை அவர்கள் ஆழத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

1916 ஆகஸ்ட் கடைசியில் ஹிண்டன்பர்கும் லூடன்டார்ஃபும் ஜெர்மன் படைகளின் தலைமைக்கு வந்தார்கள். சோம் ஆற்றங்கரைப் போர் அவர்கள் ஆட்களைத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் செய்தது வள்ளுவர் கணக்குத்தான். வெளியே பிதுங்கி நின்ற முன்வரிசையைக் கைவிட்டு, அராஸ் அருகிலிருந்து சுவாசோன் பக்கம்வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டருக்குப் புதிய வரிசை ஒன்றைக் கட்டினார்கள். வரிசை 40 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. 13 டிவிஷன்கள் மிச்சமாயின. அவர்கள் இதற்கு வைத்த பெயர் சீக்ஃப்ரீட், தங்கள் புராண வீரனுடைய பெயர். எதிர்ப்பக்கம்தான் ஹிண்டன்பர்க் என்று சொல்லிப் பழகியது.

கட்டியவர்களில் ரஷ்யப் போர்க்கைதிகளும், வற்புறுத்திக் கொண்டுவந்த பெல்ஜியத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். செஞ்சி மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இவர்களுடையதும் பெரும்பாலும் இல்லை. 1917 மார்ச்சில் பின்வாங்கியபோது இடைப்பட்ட நிலத்தில் வீடுகளைத் தகர்த்தார்கள், கிணறுகளைக் கெடுத்தார்கள், பழமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆல்பெரிக் என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். எதிரி நிற்க நிழல்கூட இருக்கக்கூடாது என்ற யோசனை. பழத்தோட்டத்தை வெட்டுவதில் என்ன போர்த்திறமை இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அமைப்பைப் பார்த்தால் நமக்கு அந்நியமாக இருக்காது. பழந்தமிழ் அரணில் வெளியே காவற்காடு, பிறகு அகழி, பிறகு மதில், உள்ளே அகநகர். அங்கே வெளியே முள்கம்பி, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் பல கஜம் அகலம். அதை நேர்க்கோட்டில் போடாமல் கோணல்மாணலாகப் போட்டார்கள்; எதிரி கம்பியை ஒட்டி ஒதுங்கும் இடமெல்லாம் இயந்திரத் துப்பாக்கியின் நேர்ப்பார்வையில் விழும்படி. அதற்குப் பின்னால் டாங்கி எளிதில் தாண்டமுடியாத அகலத்தில் பதுங்குகுழி. பிறகு கான்கிரீட் கூடுகள், நிலத்தடி அறைகள், இரண்டாம் வரிசை, அதற்கும் பின்னால் எதிர்த்தாக்குதலுக்கென நிறுத்திய படை. முன்வரிசையில் ஆட்கள் குறைவு. எதிரி உள்ளே வரட்டும், களைக்கட்டும், பிறகு அடிக்கலாம் என்பது திட்டம். முக்கோணம் போனாலும் ராஜகிரி இருக்கிறது என்ற செஞ்சி யோசனையை அவர்கள் தரைக்குள் படுக்கவைத்திருந்தார்கள்.

முள்கம்பியை எப்படித் தாண்டுவது? இங்கே நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். 1912-இல் பெங்களூரில், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையின் கேப்டன் மெக்ளின்டாக், ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய நீளக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்துத் தடைகளுக்கு அடியில் நகர்த்தி வெடிக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். பெங்களூர் டார்பிடோ. இரண்டு உலகப்போரிலும் முள்கம்பியை அறுக்கும் படைகளின் கையில் அது இருந்தது. 1944-இல் நார்மண்டிக் கரையிலும் வெடித்தது. அந்தப் படைப்பிரிவின் வீரர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். படைக்குள் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர், இன்றைக்கும். வடநாட்டு அதிகாரிகளும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தம்பிகள் போரிட்ட பெரிய களம் பிரான்ஸ் அல்ல, மெசபடோமியா, இன்றைய இராக். அங்கே டைகிரீஸ் ஆற்றுக்கும் ஒரு சதுப்புக்கும் நடுவே சன்னையாத் என்ற இடத்தில் துருக்கியர் ஒரு பதுங்குகுழி வரிசை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நீர், நடுவில் ஒடுங்கிய நிலம். செஞ்சிக்கு மலை எப்படியோ, அவர்களுக்குச் சேறு அப்படி. குத்-அல்-அமாராவில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையை மீட்க 1916 ஏப்ரலில் மூன்று முறை அதன்மேல் பாய்ந்தார்கள். மூன்று முறையும் தோற்றார்கள். ஏப்ரல் 29 அன்று குத் சரணடைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வரிசை உடைந்தது. முன்னால் சன்னையாத்தில் தாக்கிக்கொண்டே, மேலே ஷும்ரான் வளைவில் ஆற்றைக் கடந்து பின்னால் போனார்கள். படகு தள்ளி, பாலம் போட்டு அந்த வேலையைச் செய்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. கோட்டையை நேராக இடிப்பவனைவிடச் சுற்றிப்போகிறவனுக்கு வேலை சீக்கிரம் முடியும். அதற்குப் பாலம் போடத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஹிண்டன்பர்க் வரிசையின்மேல் ஒரு பெரிய அடி 1917 நவம்பர் 20, காம்ப்ரே. 470-க்கும் மேற்பட்ட டாங்கிகள். ஒவ்வொரு முன்வரிசை டாங்கியின் தலையிலும் பெரிய விறகுக் கட்டு. குழியின் விளிம்பில் கட்டை உருட்டிவிட்டு அதன்மேல் ஏறித் தாண்டின. எந்திரம் புதிது, தந்திரம் பழசு. அகழியைத் தழையும் விறகும் போட்டுத் தூர்க்கும் வேலையை முற்றுகைக்கு உழிஞைப் பூச் சூடிய நம் பழைய படைகளும் செய்தன. லண்டனில் வெற்றி மணி அடித்தார்கள். பத்தே நாளில், நவம்பர் 30 அன்று, ஜெர்மானியர் திருப்பி அடித்துப் பிடித்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார்கள்.

அந்தத் திருப்பியடியின்போது டிசம்பர் 1 அன்று இந்தியக் குதிரைப்படை முன்னே அனுப்பப்பட்டது. லான்ஸ் தஃபேதார் கோவிந்த் சிங், சூழப்பட்ட தன் படைக்கும் பின்னாலிருந்த தலைமைக்கும் இடையே மூன்று முறை செய்தி கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் குதிரை சுடப்பட்டது. மீதித் தூரம் ஓடியே போனார். விக்டோரியா கிராஸ் பெற்றார். ராஜஸ்தானத்துக்காரர். ஆனால் அவருடைய சொந்தப் படைப்பிரிவான 28-ஆவது லைட் கேவல்ரி, அதற்கு முன் மூன்றாவது மெட்ராஸ் லான்சர்ஸ் என்ற பெயரில் இருந்தது.  முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் எதிரே குதிரைப்படையை நிறுத்திய அதிகாரிகளைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொல்லப்போவதில்லை.

கடைசி அடி 1918 செப்டம்பர் 29. சான் கான்தேன் கால்வாய் அந்த வரிசையின் அகழியாக இருந்தது: செங்குத்தான கரைகள், அடியில் நீரும் சேறும், எதிரே துப்பாக்கிகள். தாக்கியவர்கள் கையில் இரண்டு வசதி. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஜெர்மானியரின் அரண் வரைபடங்களே பிடிபட்டிருந்தன. பீரங்கிகளும் 1,600-க்கு மேல் கூடியிருந்தன. அன்று காலை அடர்ந்த மூடுபனி. பிரிட்டிஷ் 46-ஆவது டிவிஷன், ஆங்கிலக் கால்வாய்க் கப்பல்களிலிருந்து கொண்டுவந்த உயிர்காப்பு மிதவைகளை மாட்டிக்கொண்டு பெல்லங்லீஸ் அருகே நீரில் இறங்கியது. ரிக்கேவால் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க ஜெர்மானியர்கள் ஓடிவருவதற்குள் ஒரு கேப்டனும் ஒன்பது பேரும் அதைப் பிடித்துவிட்டார்கள். பகலுக்குள் 4,200 கைதிகள். அதே நாள்தான் போர் நிறுத்தம் கேட்டாகவேண்டும் என்று லூடன்டார்ஃப் கைசரிடம் சொன்ன நாள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1750 செப்டம்பர் நினைவுக்கு வரும். எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த செஞ்சியை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின், வெளியே தோற்று ஓடிவந்த படை மதிலடியில் குழம்பிக் கிடந்தது. வாயிலை வெடிவைத்து உடைத்து உள்ளே போனவர்கள், இருட்டில் மூன்று மலையிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. மதில் அதே மதில்தான். மதில்மேல் நின்றவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்பது தெரியவில்லை.

பிறகு 1761. புதுச்சேரி விழுந்தாயிற்று. ராஜகிரியில் பிரெஞ்சுக் காவலுக்குத் தலைவர் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சரணடையச் சொன்ன ஆங்கில கேப்டன் ஸ்மித்துக்கு அவர் அனுப்பிய பதில், லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்று வருஷம் ஆகும் என்பது. ஏப்ரல் 5 அன்று இறங்கி வந்தார். ஆங்கிலேயர் சுடவேண்டிய அவசியம்கூட அதிகம் இல்லை. உதவி வர எந்தப் பக்கமும் இல்லை, சாப்பாடு இல்லை, காய்ச்சல் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுக் காலத்தில் இந்த இடத்துக் காய்ச்சலுக்கே 1,200 ஐரோப்பியரைப் பறிகொடுத்தார்கள் என்பது அந்நாளைய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் செய்தி. பிரான்சின் பதுங்குகுழிகளிலும் அப்படித்தான். சேற்றில் ஊறி அழுகிய கால், பேன் கொண்டுவந்த காய்ச்சல், எலி. அரண் தேடி உள்ளே போகிறவனோடு நோயும் உள்ளே போகிறது. வெளியே போக அதற்கு வாயில் தேவையில்லை.

ராஜாராம் செஞ்சியில் வாங்கிய எட்டு ஆண்டுகளை ஓர் அரசை உயிரோடு வைக்கச் செலவிட்டார். லூடன்டார்ஃப் தன் அரண்வரிசை தந்த ஒன்றரை ஆண்டை எப்படிச் செலவிட்டார்? மிச்சம் பிடித்த ஆட்களையெல்லாம் 1918 மார்ச்சில், தான் கட்டிய அரணைவிட்டு வெளியே அனுப்பி, கடைசிப் பெருந்தாக்குதல்களில் தொலைத்தார். பேச்சுவார்த்தைக்கு இருந்த காலம் அது. தேசிங்கு வெளியே வந்தது பெருமைக்காக. மடிந்தவர்களும் சில நூறு பேர். லூடன்டார்ஃப் வெளியே அனுப்பியது லட்சக்கணக்கான பிறர் பிள்ளைகளை. அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றிப் பாட்டில்லை.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகாத செஞ்சிக்காரர் இருக்கமாட்டார். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கருங்கல் தூண்கள் இங்கிருந்து போனவை. ஒருகாலத்தில் அவை பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் சிலையைச் சுற்றி நின்றன. அங்கிருந்து சில நடையில், அதே கடற்கரைச் சாலையில், 1914-18 போரில் பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சிந்தியருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம். தூண்களைப் பார்க்கிற நாம் சாலையின் மறுபக்கம் திரும்பி அதையும் பார்க்கவேண்டும்.

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில். பெயர் ஒன்றுகூட இல்லை, எண்கள் மட்டும். இதே மாதிரிக் கற்கள் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் வேறு ஊர்களிலும் பதிக்கப்பட்டன. சில சாவடிச் சுவரில், சில பள்ளிக்கூடத்து முற்றத்தில், சில சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில்.

இந்த வட்டத்து மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களில் அப்படி ஒரு கல் தென்பட்டால் அதிலுள்ள எண்களைப் படியெடுங்கள். பிறகு அந்த ஊரில் மெடல், பென்ஷன் காகிதம், சிப்பாய் என்று ஒட்டிய பட்டப்பெயர் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எந்தப் படை, எந்த நாடு, டைகிரீஸா, ஆப்பிரிக்காவா, பிரான்ஸா என்பதைப் படைப்பிரிவின் எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எழுதி முடித்ததும் ஒரு படியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.